ஏரித் தண்ணீரை விடப் பெட்டித் தண்ணீர்தான் எமன்: ஆரம்பாக்கத்தில் ஒரு வி-கிராஸ்

வெளிநாட்டிலிருந்து பழைய ஜீப்பை இறக்கித் தொழிலுக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இறக்கும் வண்டிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், வரியே வண்டி விலையைத் தாண்டிவிடும். ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு அந்த அலைச்சல் எதற்கு? தடாவைத் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. ஜப்பானின் இசுஸு 2016இல் அங்கே ஆலை திறந்தது. அங்கே தயாரான டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் ஒன்றை, ஆந்திரப் பதிவெண்ணோடு செகண்ட் ஹேண்டில் வாங்கி மீன் தொழிலுக்கு மாற்றியிருக்கிறார் ஒரு நண்பர். பல வாரங்களாக அதை நானும் ஓட்டி வருகிறேன்.

இன்ஜின், குதிரைத்திறன் விவரமெல்லாம் ஊரறிந்தது; எனக்கு முக்கியம் அது ஏரிக்கரை மணலில் எப்படிப் போகிறது என்பதுதான். கோடையில் புலிகாட் ஏரியின் வடபகுதி வற்றி உள்வாங்கும்போது படகு நிற்கும் இடமும் தள்ளிப் போகும். நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் பக்கத்து ஈர மணலில் சாதாரண பிக்கப் சக்கரம் சுற்றி நின்றுவிடும். இதில் கியர் பக்கத்துத் திருகை, நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்சுக்குத் திருப்பி, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பதற்றமே இல்லாமல் ஏறி வருகிறது. மீனவர்கள் போய்வரும் தடத்தை விட்டு ஏரிக்குள் இறக்கவே கூடாது. அது பறவைகள் சரணாலயம்.

இவ்வளவு நல்ல வண்டியை ஒரே ஒரு விஷயம் சாகடிக்கும். உப்பு. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறும் ஏரி என்பதால் அடிப்பாகம் கெடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நண்பரின் ஓட்டுநர்த் தம்பி வேறு மாதிரி சொன்னார்: "ஏரித் தண்ணி ஒண்ணும் பண்ணாது சார். பெட்டித் தண்ணிதான் வண்டியத் தின்னுது."

ஏரித் தண்ணீரும் துருப்பிடிக்க வைக்கும்; ஆனால் பெட்டித் தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது உண்மை. இறால் கிரேடில் ஐஸ் உருகும்போது உப்பும் மீன் கழிவும் கலந்த நீர் சென்னைக் காசிமேடு போய்ச் சேரும் வரை சொட்டிக்கொண்டே இருக்கிறது. முந்தைய உரிமையாளர் வண்டியின் பின்பக்கத் தொட்டி கீறாமல் இருக்கக் கடையில் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் வெள்ளைப் பொருக்கு. விரலால் தேய்த்தால் அதற்குக் கீழே துருப்பொடி. மேலே பளபளப்பாக இருந்த விரிப்பு, உப்புத் தண்ணீரைக் காயவிடாமல் தகரத்தோடு ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. மடிப்புகளில் வழிந்த நீர் பின்கதவுக் கீலுக்கும், சேஸிஸ் மேல் இறங்கி பிரேக் பைப்புக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் போயிருந்தது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல எதுவுமில்லை; எந்தத் தகரத்தையும் இப்படி வைத்திருந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

விரிப்பைக் கழற்றி எறிந்தோம். துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, தொட்டிக்குள் ரப்பர் பூச்சு அடித்தோம். கிரேடுக்குப் பதிலாக, மூடியும் அடைப்பானும் உள்ள இன்சுலேட்டட் பெட்டிகள். உருகிய நீர் அதிலேயே தங்கும்; இறக்கிய பிறகு மொத்தமாகத் திறந்து கொட்டலாம். நெடுஞ்சாலையில் சொட்டவிட்டால் பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு நடை முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். குப்பத்து போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை.

பெட்டிகளைத் தொட்டியில் வெல்டிங் செய்யாமல் கயிறு போட்டுக் கட்டியதற்கும் காரணம் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கயிற்றில் கட்டிய பெட்டி சுமை மட்டுமே.

ஆவண வேலை பொறுமையைச் சோதிக்கும். ஆந்திரத்திலிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வரியும் புது எண்ணும், பிறகு வெள்ளைப் பலகையை மஞ்சளாக்க மனு, வணிகக் காப்பீடு, எஃப்.சி. எல்லா மாடலுக்கும் இந்த மாற்றம் கிடைத்துவிடாது; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். தொட்டியைப் பார்த்து ஒரு டன் ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சொந்த உபயோகத்துக்கென்று விற்ற வி-கிராஸுக்கு ஆர்.சி.யில் சுமை குறைவு. அதைத் தாண்டினால் எளாவூர் சோதனைச்சாவடியில் மாட்டுவது ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் சிக்கலாவது இன்னொரு பக்கம்.

ஆகவே மலிவு மீனைக் கூடை கூடையாக ஏற்றுபவருக்கு இது சரிப்படாது. குறைந்த எடையில் நல்ல விலை போகும் இறாலையும் நண்டையும் கரையிலிருந்தே எடுத்து விடியலுக்குள் சந்தையில் சேர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை. எல்.இ.டி. விளக்கு, பெரிய டயர் என்று ஒதுக்கியிருக்கும் காசை முதலில் நல்ல பெட்டிகளுக்கும் பிரஷர் பம்புக்கும் போடுங்கள். பழைய வி-கிராஸ் பார்க்கப் போனால் பானெட்டைத் திறக்கும் முன் தொட்டி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தூக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.