200 வாட்டுக்குள் எவ்வளவு வேகம்? மின் மீட்டரோடு ஆர்டிஎக்ஸ் 4070

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டை வாங்கி மாட்டிய கையோடு பலரும் செய்வது, ஓவர்கிளாக் செய்ய உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைத் திறந்து ஸ்லைடர்களை வலப்பக்கம் தள்ளிப் பார்ப்பது. ஸ்கோர் கொஞ்சம் ஏறும், மனசுக்கும் சந்தோஷமாக இருக்கும். அதே ஸ்லைடர்களை மின் மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்த்தபின் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. வோல்டேஜைக் குறைக்கும்போதுதான் இந்தக் கார்டின் திறமை முழுசாக வெளிவருகிறது.

2023 ஏப்ரலில் 599 டாலர் விலையில் வெளிவந்த கார்டு இது. டிஎஸ்எம்சியின் 4என் முறையில் தயாரான ஏடி104 சிப், 5,888 கூடா கோர்கள், 12 ஜிபி ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. மின்தேவை 200 வாட் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த 200-இன் அருமை புரிய, 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய இதே வேகத்தைக் கொடுக்க அந்தக் கார்டுக்கு 320 வாட் தேவைப்பட்டது. சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையைவிட்டு டிஎஸ்எம்சிக்கு மாறியதும், 5 எம்பியாக இருந்த எல்2 கேஷை 36 எம்பியாக்கி மெமரிக்குப் போய்வரும் வேலையைக் குறைத்ததும் இந்தச் சிக்கனத்துக்கு முக்கியக் காரணங்கள். நான் சோதித்தது இரண்டு ஃபேன், ஒரே ஒரு 8 பின் கனெக்டர் உள்ள சாதாரண மாடல். ரைசன் 5 7600 பிராசசர், 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்.

முதலில் அளவெடுப்பது பற்றி. ஜிபியு-இசட், எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற சாஃப்ட்வேர்கள் காட்டும் வாட்டை எவ்வளவு நம்பலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். என்விடியா கார்டுகளில் மின்சாரம் நுழையும் பாதையிலேயே சிறிய ஷன்ட் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றின் இரு முனைகளுக்கிடையே விழும் வோல்டேஜை வைத்து முழுக் கார்டின் மின்செலவும் கணக்கிடப்படுகிறது. ஆகவே அந்த எண் நம்பத்தக்கது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசை அப்படியல்ல. அதில் சாஃப்ட்வேர் காட்டுவது சிப்பின் கணக்கு மட்டும்தான். கார்டின் மற்ற பாகங்கள் எடுப்பதும் வீணாவதும் அதில் சேராது. இரண்டு கார்டுகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அருகருகே ஒட்டி "இதுதான் கம்மி கரண்ட்" என்று தீர்ப்பு சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சுவர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் முழுக் கணினியையும், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்துக் காட்டும். கரண்ட் பில்லுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் தேவையான எண் அதுதான். கார்டை மட்டும் தனியாகச் சரிபார்க்க நான் கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: எலக்ட்ரிகல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்கள் பெரும்பாலும் ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். 12 வோல்ட் வயரைச் சுற்றிக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். டிசி அளக்கும் மீட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும். 8 பின் கேபிளின் மூன்று 12 வோல்ட் வயர்களையும் சேர்த்துக் கவ்வியபோது, கேம் ஓடும் நேரத்தில் 12 ஆம்பியரை ஒட்டி நின்றது. அதாவது 145 வாட் சொச்சம். மீதி 50 வாட் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து வருகிறது. 12 வோல்ட் பாதையில் ஸ்லாட் கொடுக்க அனுமதி 66 வாட் வரை என்பதால் இது பத்திரமான அளவு. சாஃப்ட்வேர் சொன்ன 196 வாட்டும் இந்தக் கூட்டலும் பொருந்தின.

எதையும் மாற்றாத நிலையில் சும்மா இருக்கும்போது கார்டு 12 வாட் அளவு எடுக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேமில் 190-க்கும் 200-க்கும் இடையே நிற்கிறது. கிளாக் 2,745 மெகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.07. ஆனால் 1080பி-யில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடினால் பிராசசர்தான் தடையாகிறது, கார்டு பாதி வேலையில் காத்திருக்கிறது, வாட்டும் வெகுவாக இறங்கிவிடுகிறது. ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனையை ஓடவிட்டுக் கிடைக்கும் எண்ணை மின்செலவு என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது கார்டைப் பவர் லிமிட்டில் முட்டவைத்துக் கிளாக்கை இறக்கிவிடுகிறது. எந்தக் கேமும் அப்படி நடந்துகொள்வதில்லை.

இனி ஓவர்கிளாக்கிங். இந்த மாடல் பவர் லிமிட்டை 215 வாட் வரைதான் ஏற்ற விடுகிறது. ஒரே 8 பின் கனெக்டர் தரும் 150 வாட்டையும் ஸ்லாட்டின் 75 வாட்டையும் கூட்டினால் வரும் 225-ஐ நெருங்காமல் கட்டிவைத்திருக்கிறார்கள். கோர் கிளாக்கில் 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டியதைத் தாங்கியது. மெமரியில் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆஃப்டர்பர்னரில் 10,501 என்று காட்டும் மெமரி கிளாக்கில் 1,000 கூட்டினால் 21 ஜிபிபிஎஸ் 23 ஆகிறது. நொடிக்கு 504 ஜிபி என்பது 552 ஜிபி ஆகிறது. 192 பிட் பஸ் மட்டுமே உள்ள கார்டுக்கு இது பெரிய உதவி. 1,200 வரையிலும் பெஞ்ச்மார்க் ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் தள்ளியபோது திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை, கேமும் நிற்கவில்லை, ஸ்கோர் மட்டும் இறங்கத் தொடங்கியது. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியில் தவறாகப் போன தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் வசதி இருக்கிறது. மறுபடி அனுப்பவே நேரம் போவதால் வேகம் குறைகிறது. "கிராஷ் ஆகவில்லை, அதனால் நல்ல ஓவர்கிளாக்" என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ஒவ்வொரு 100-க்கும் ஒருமுறை ஸ்கோரைப் பார்த்தே ஏற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? 3டி மார்க் டைம் ஸ்பை பெஞ்ச்மார்க்கின் கிராபிக்ஸ் ஸ்கோர் 17,800-லிருந்து சுமார் 19,000. கேம்களில் ஐந்து, ஆறு சதவீதம். மின்செலவு 214 வாட். 2015-இல் வந்த ஜிடிஎக்ஸ் 980 டிஐ காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1,075 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட் என்று பெட்டியில் போட்டிருந்த அந்தக் கார்டை 1,400-க்கு மேல் ஓட்டியவர்கள் ஏராளம். அந்த மிச்ச இடத்தை இப்போது கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680-இல் அறிமுகமான ஜிபியு பூஸ்ட், தலைமுறைக்குத் தலைமுறை கூர்மையாகி, வெப்பத்தையும் வாட்டையும் பார்த்துத் தானே கிளாக்கை விளிம்புவரை ஏற்றிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது அந்தக் கடைசி ஐந்து சதவீதம்தான்.

வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட்டில் அப்படியல்ல. சிப் செலவழிக்கும் மின்சாரம் கிளாக்கோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கத்தில் ஏறும். பைக்கை 90-இல் விரட்டினால் மைலேஜ் விழுகிற மாதிரி, கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறோம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் வோல்டேஜ், கிளாக் வளைகோடு திறக்கும். 0.95 வோல்ட்டில் 2,610 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு புள்ளியை வைத்து, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் அதே உயரத்துக்குத் தட்டையாக்கினேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்டு சூடேறும்போது இந்தக் கோடு 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கீழிறங்கும். குளிர்ந்த கார்டில் வைத்த புள்ளி கேமுக்குள் போனதும் ஒரு படி, இரண்டு படி கீழே நிற்கும். அதனால் கேமைப் பின்னால் ஓடவிட்டு, கார்டு சூடான பிறகு கோட்டை வரைவதே சரி.

டைம் ஸ்பை ஸ்கோர் 17,200-க்கு இறங்கியது. மெமரியில் மட்டும் 1,000-ஐச் சேர்த்தபோது 17,700. அதாவது பழைய வேகம் அப்படியே திரும்பிவிட்டது, மின்செலவு மட்டும் 160 வாட். ஒரு வாட்டுக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால், கம்பெனி நிலையில் 91, ஓவர்கிளாக்கில் 89, இதில் 111. ஒன்று சொல்லியாக வேண்டும்: டைம் ஸ்பையில் நிலையாக ஓடுவது சைபர்பங்கின் பாத் டிரேசிங்கில் நின்றுவிடலாம். ரே டிரேசிங் பகுதிகளும் டென்சர் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போதுதான் போதாத வோல்டேஜ் காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனை தேறாத அண்டர்வோல்ட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஏசி இல்லாத சென்னை அறையில், 33 டிகிரியில், இந்த வித்தியாசம் கைக்கே தெரிகிறது. கம்பெனி நிலையில் 71 டிகிரி தொட்ட சிப் 63-இல் நிற்கிறது. ஃபேன் சத்தம் அடங்கி சீலிங் ஃபேன் சத்தத்துக்குள் மறைந்துவிடுகிறது. 60 ஃப்ரேமுக்கு மேல் தேவைப்படாத கதை கேம்களில் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃப்ரேம் ரேட்டைக் கட்டிவைத்தால் 110 வாட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. வோல்டேஜைத் தொடப் பயப்படுபவர்கள் இதை மட்டும் செய்தாலே பாதி பலன் கிடைக்கும்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு என் சோதனையில் முக்கியமான எண் சுவர் மீட்டருடையது. அந்த அளவு யுபிஎஸ்கள் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். என் கணினி, மானிட்டர் சேர்த்து, கம்பெனி நிலையில் 350-ஐ ஒட்டுகிறது, ஓவர்கிளாக்கில் 375, அண்டர்வோல்ட்டில் 310-ஐச் சுற்றி. கரண்ட் போகும் நொடியில் கேம் தப்புமா, கணினி அணைந்துவிடுமா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மைக்ரோசெகண்டுகளில் எகிறும் உச்சங்கள் வேறு உண்டு. அவை எந்தப் பிளக் மீட்டரிலும் தெரியாது. இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்கிறது.

பில்லில் எவ்வளவு மிச்சமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 36 வாட் குறைவு, தினம் நான்கு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 50 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாத பில்லுக்கு ஒன்பது யூனிட். இதற்காக மட்டும் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கட்டண விகிதம் மாறும் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு வேண்டுமானால் கணக்கில் வரும்.

4070 வாங்கப் போகிறவர்களுக்கு: மூன்று ஃபேன், 'ஓசி எடிஷன்' என்று அதிக விலை சொல்லும் மாடல்களில் பணத்தைப் போடாதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் அந்தக் கூடுதல் கிளாக்கை ஆஃப்டர்பர்னரில் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாம், வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. ஒரே 8 பின் உள்ள எளிய மாடலை எடுத்து, மிஞ்சும் பணத்தில் எஸ்எம்பிஎஸ்ஸை ஏடிஎக்ஸ் 3.0-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கார்டுக்கும் அது உழைக்கும்.