குரங்கு கேட்ட கேள்வி

போர்க்களத்தில் சிறுவர்களை இறக்கிய கொடுமை பற்றி அறிக்கைகள் பல உண்டு. அச்சிறுவர்களுள் ஒருவனே வளர்ந்து எழுதிய நூல்கள் மிகச் சிலவே. சியரா லியோன் நாட்டவரான இஷ்மாயில் பேயா 2007-இல் வெளியிட்ட ‘எ லாங் வே கான்’ அத்தகைய தன்வரலாறு.

அந்நாட்டில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கலகக்காரர் தம் ஊரைத் தாக்கியபோது தமக்கு வயது 12 என்கிறார் பேயா. குடும்பத்தை இழந்து காடுகளில் அலைந்த அவரைப் படையில் சேர்த்தவர்கள் கலகக்காரர் அல்லர், அரசுப் படையினரே. உறங்காதிருக்க மாத்திரைகள், கொக்கைனும் வெடிமருந்தும் கலந்த தூள், இரவில் ராம்போ திரைப்படங்கள், பழிவாங்கும் உபதேசம்: இவை போதுமாயிருந்தன. கைதிகளின் கழுத்தை யார் விரைவில் அறுப்பது என்று நடந்த போட்டியில் வென்றதை அவர் மறைக்காமல் எழுதுகிறார்.

1996-இல் யுனிசெஃப் அவரை மீட்டு, தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தது. ‘இது உன் குற்றமன்று’ என்று அங்குள்ளோர் இடைவிடாது சொல்லினர். சிறுவர்களுக்கு அது எரிச்சலையே மூட்டியது. நூலின் உண்மையான வலிமை இந்த எரிச்சலைப் பதிவு செய்ததில்தான் உள்ளது. குற்றம் தன்னுடையதன்று என்பது சட்டப்படி மெய். ஆனால் செயல் தன்னுடையது என்பதை அந்தக் கை அறியும். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருப்பதே அச்சிறுவனின் துயரம்.

நூலில் குறையும் உண்டு. கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே மறைகின்றனர். அவர் குறிப்பிடும் காலக்கணக்கு பிழை என்றும், அவர் போர்வீரராயிருந்தது சில மாதங்களே என்றும் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழ் 2008-இல் எழுதியது. பேயா தம் கூற்றிலேயே நின்றார். இவ்விவாதம் கருதத்தக்கதே. ஆயினும், இரண்டு ஆண்டு கொன்ற சிறுவன்தான் சிறுவர் போர்வீரன், சில மாதம் கொன்றவன் அல்லன் என்று யார் சொல்வார்?

நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. 2007-இல் இந்நூல் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் விற்பனைக்கு வைக்கப்பட்டது. பல்லாயிரவர் படித்துக் கண்கலங்கினர். அதே ஆண்டில் அதே நாட்டின் குவாண்டனாமோ சிறையில் ஓமர் காதர் அடைபட்டிருந்தார். கனடாவில் பிறந்த அவர் 2002-இல் ஆப்கானிஸ்தானில் பிடிபட்டபோது வயது 15. கையெறிகுண்டு வீசி அமெரிக்கப் போர்வீரர் ஒருவரைக் கொன்றார் என்பது வழக்கு. போருக்குள் கொண்டுவரப்பட்ட சிறுவனாக அன்றி, போர்க் குற்றவாளியாகவே அவர் இராணுவ விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். 2012-இல்தான் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்.

சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் சட்டம் 15 வயது நிரம்பியோரை விசாரிக்க இடமளித்தது. எனினும் அதன் முதல் அரசு வழக்குரைஞர் டேவிட் கிரேன் சிறுவர் எவர் மீதும் வழக்குத் தொடுக்கவில்லை; அவர்களைப் படையில் சேர்த்தவர்களையே கூண்டில் ஏற்றினார். கிரேன் அமெரிக்கர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். தொலைவில் யாரையோ கொன்ற சிறுவனுக்கு நம் கண்ணீர் எளிதில் வருகிறது. நம்மவரைக் கொன்ற சிறுவனுக்கு வருவதில்லை.

நூல் ஒரு நாட்டுப்புறக் கதையோடு முடிகிறது. வேடன் குறிவைத்த குரங்கு பேசுகிறது: என்னைச் சுட்டால் உன் தாய் இறப்பாள்; சுடாவிட்டால் தந்தை இறப்பார். என்ன செய்வாய் என்று ஊர்ப் பெரியவர் கேட்க, சிறுவர்கள் விடையின்றித் தவிப்பர். ஏழு வயதில் பேயா தமக்குள் ஒரு விடை வைத்திருந்தார்: குரங்கைச் சுடுவேன், பிறகு எந்த வேடனுக்கும் இந்த இக்கட்டு நேராது. தாயின் மனம் என்ன பாடுபடுமோ என்று அஞ்சி அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எத்தகைய விடைக்கும் ஓர் இழப்பு உண்டு என்பதை ஏழு வயதிலேயே உணர்ந்த பிள்ளை அது. அப்பிள்ளையின் கையில் துப்பாக்கியைத் தந்தவர்கள், குரங்கின் கேள்வியை ஒருநாளும் தமக்குள் கேட்டுக்கொள்ளாத பெரியவர்கள்.