ஒரு மீனின் சரிதையும் மனிதரின் கணக்கும்

அரசர்க்கும் அறிஞர்க்கும் புனிதர்க்கும் வாழ்க்கை வரலாறு எழுதக் கண்டிருக்கிறோம். மீன் ஒன்றிற்கு வாழ்க்கை வரலாறு எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் குர்லான்ஸ்கி. 1997-இல் வெளிவந்த ‘காட்’ என்னும் அவரது ஆங்கில நூல், வட அட்லாண்டிக் கடலின் காட் மீனை உலகை மாற்றிய மீன் என்றே முன்னிறுத்துகிறது. இந்நூலைக் கத்தோலிக்கர் கருத்தூன்றிப் படிப்பது நன்று. ஏனெனில் இக்கதையில் நம் திருச்சபைக்கும் ஓர் இடமுண்டு.

இடைக்கால ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமைகள், தவக்காலத்தின் நாற்பது நாள்கள், ஏனைய சுத்தபோசன நாள்கள் எனப் பல நாள்களில் இறைச்சி விலக்கப்பட்டிருந்தது, மீன் விலக்கப்படவில்லை. கடலுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்த மக்களுக்குக் கெடாமல் சென்று சேரத்தக்கது, உப்பிட்டு உலர்த்திய காட் கருவாடு. பாஸ்க் இனத்தவர் அதை விற்றுச் செல்வம் சேர்த்தனர். 1497-இல் ஜான் காபட் மேற்கே கடல் கடந்து திரும்பியபின், அங்கே கூடையை இறக்கினாலே மீனை அள்ளலாம் என்ற செய்தி பரவிற்று. விசுவாசிகளின் ஒறுத்தல் முயற்சி ஒரு மாபெரும் சந்தையை வளர்த்ததை ஆசிரியர் கசப்பின்றிச் சுவைபடச் சொல்கிறார். மீனின் தலைவிதி கடலில் மட்டுமன்று, உண்பவரின் உணவுக்கலத்திலும் எழுதப்படுகிறது என்று உணர்த்துவது இந்நூலின் முதற்சிறப்பு.

அழிவின் காரணத்தை விளக்குவது அதன் இரண்டாம் சிறப்பு. 1950-களில், பிடித்த மீனைக் கடலிலேயே அறுத்து உறையவைக்கும் ஆலைக்கப்பல்கள் இழுவைமடிகளோடு வந்தன. 1968-இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் காட் பிடிக்கப்பட்டது. 1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல்மைலாக விரித்து அந்நியக் கப்பல்களை விலக்கியது. ஆயினும் அந்த இடத்தைக் கனடாவின் சொந்தக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. அந்நியன் போனான், அவன் வலை போகவில்லை.

1980-களில், மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்று கரைக்கடல் மீனவர் முறையிட்டனர். அதிகாரிகளோ பெருங்கப்பல்களின் பிடிப்பைக் கொண்டு கடலை அளந்தனர். எஞ்சிய மீன் ஓரிடத்தில் திரளும். கருவி பொருத்திய கப்பல் அந்தக் கடைசித் திரளையும் தேடிக் காணும். ஆதலின் கடல் வெறுமையாகும்போதும் வலை நிறைந்தே வரும். 1992 ஜூலை 2 அன்று கடல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கே என்றார்கள். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

இத்துணை தெளிவாக எழுதும் நூலில் குறை என்ன? ஆயிரம் ஆண்டுகால மனிதப் பேராசையின் கதையாக இது நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. எல்லாரும் குற்றவாளிகள் என்னும்போது எவரும் பொறுப்பாளி ஆவதில்லை. நூலின் தொடக்கத்தில் வரும் பெட்டி ஹார்பர் சிற்றூர் மீனவர், கைத்தூண்டிலைக் காத்து, ஆயிரங்கால் தூண்டிலையும் செவுள்வலையையும் தம் கடலில் முன்னரே விலக்கியவர்கள். அவர்களையும் பிடிப்பு அளவை உயர்த்திக்கொண்டே சென்ற அலுவலகங்களையும் ஒரே பேராசையில் அடக்கலாமா? பாவத்தைப் பொதுவாக அறிக்கையிடலாம். பரிகாரத்தைப் பொதுவாகப் பங்கிட இயலாது.

நூல் வெளிவந்தபின் நடந்தவை இக்குறையை இன்னும் புலப்படுத்துகின்றன. காட் போன கடலில் நண்டும் இறாலும் பெருகின. மீன்பிடித் தொழிலின் மொத்த வருவாய் முன்னிலும் உயர்ந்தது. ஆனால் அது வேறு கைகளுக்கு, குறைந்த கைகளுக்குச் சென்றது. 1991-இல் ஏறத்தாழ 5,68,000 ஆக இருந்த அம்மாநில மக்கள்தொகை, 2001-இல் 5,13,000 ஆகக் குறைந்தது. வருவாயின் ஏட்டில் ஏற்றம். ஊர்களின் ஏட்டில் இறக்கம்.

2024-இல், 32 ஆண்டுகளுக்குப் பின், 18,000 டன் அளவோடு தடை நீங்கியது. மீன் மீளும்போது முதல் 1,15,000 டன் கரைக்கடல் மீனவருக்கும் பழங்குடியினருக்குமே என்று முன்னர் வாக்களிக்கப்பட்டிருந்தது. பெரும்பங்கு கரைக்கடல் மீனவருக்குத் தரப்பட்டாலும், பெருங்கப்பல்களும் மீண்டும் இடம்பெற்றன. மீனவர் தொழிற்சங்கம் அதை எதிர்த்தது. மீன் பெருகுவது எங்ஙனம் என்பது அறிவியலின் கேள்வி. பெருகியது யாருக்கு என்பது நீதியின் கேள்வி. முதற்கேள்விக்கு மட்டும் விடை தேடும் திட்டம் பாதித் திட்டமே.

தொழிலின் நெருக்கடியையும் எளிதாக ஒதுக்க முடியாது. மீன் தன் பருவத்தில்தான் வளரும். படகுக் கடனின் வட்டியோ நாள்தோறும் வளரும். வட்டிக்குத் தடைக்காலம் இல்லை. தமிழகத்தில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் அது 2017 முதல் 61 நாள்களாக நீண்டது. அந்நாள்களில் கரையில் நிற்கும் படகு உரிமையாளர்க்குச் சொத்து. பங்குக்குத் தொழில் செய்பவர்க்கோ அது அடுப்பு. அரசின் நிவாரணம் அந்த அடுப்புக்குப் போதுமா என்று கேட்காமல் கடலின் ஓய்வைப் போற்றுவது அரைகுறை அறமாகும்.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தருகிறது. அங்கேயே, தானாக விளைவது பணியாளர்க்கும் கூலியாளர்க்கும் அந்நியர்க்கும் உணவாகும் என்றும் விதிக்கிறது. ஓய்வும் பங்கீடும் ஒரே சட்டத்தின் இரு வரிகள். முதல் வரியை மட்டும் எழுதி மற்றதை மறப்பதே நம் காலத்துத் திட்டங்களின் குறை. குர்லான்ஸ்கியின் நூலும் அந்த இரண்டாம் வரியை அழுத்தி எழுதவில்லை.

ஆயினும் படிக்கவேண்டிய நூல் இது. இடையிடையேயும் இறுதியிலும் காட் மீனின் சமையற் குறிப்புகளை ஆசிரியர் அடுக்கியிருக்கிறார். ஒரு மீனின் வாழ்க்கை வரலாறு சமையற் குறிப்பில் முடிவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம்; எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. இவ்வழிவில் உண்பவர்க்கும் பங்குண்டு என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

யோவான் நற்செய்தியில், உயிர்த்த ஆண்டவரின் சொற்கேட்டு வலைவீசிய சீடர்கள் 153 பெரிய மீன்களைக் கரைசேர்த்தனர், வலை கிழியவில்லை. அந்த எண் நமக்குத் தெரிகிறதென்றால், கரையில் யாரோ அமர்ந்து எண்ணியிருக்கிறார்கள். நிறைவான பிடிப்பிலும் எண்ணிக்கை மறக்கப்படவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்தமர்ந்து உண்டார்கள். எண்ணுவது, பகிர்வது என்னும் இவ்விரண்டையும் கேட்கும் பொறுப்பு மீனவர்க்கு மட்டுமன்று, மீன் வாங்கும் நமக்கும் உரியது.