குறிப்பாணைத் தமிழ்: வடிவமும் தெளிவும்

0. முன்னுரை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழக அலுவலகங்களில் தமிழ் படிப்படியாக இடம்பெற்றது. ஆட்சித்தமிழ் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டவை. ‘மெமோ’ என்பதற்குக் ‘குறிப்பாணை’ என்ற சொல் கிடைத்துவிட்டது. அக்குறிப்பாணைக்குள் எழுதப்படும் தொடர் தமிழாக அமைந்ததா என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவைத் தொடரமைப்பு, பக்க அமைப்பு என்னும் இரு நிலைகளில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1. சான்றுத் தொடர்

அலுவலக வழக்கைப் பின்பற்றி ஆய்வுக்கென அமைத்துக்கொண்ட தொடர் ஒன்று வருமாறு:

“பார்வையில் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்பட்டு, அதில் கோரப்பட்ட விவரங்கள் நாளது தேதிவரை வரப்பெறாத நிலையில், இனியும் காலதாமதமின்றி உரிய படிவத்தில் அனுப்பி வைக்குமாறு அனைத்துப் பிரிவு அலுவலர்களும் கேட்டுக்கொள்ளப்படுவதுடன், தவறும்பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது.”

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. எனினும் இது பயன்படாது. எந்த விவரங்கள் என்பதை அறியப் பழைய கடிதத்தைத் தேட வேண்டும். இறுதி நாள் குறிக்கப்படவில்லை. விவரம் அனுப்பியவர், அனுப்பாதவர் என்ற வேறுபாடின்றி ‘அனைத்து’ அலுவலர்களும் எச்சரிக்கப்படுகின்றனர். ‘உரிய’ என்னும் அடை இருமுறை வந்தும் ஓரிடத்திலும் பொருளை வரையறுக்கவில்லை.

1.1 வினையின் இடம்

தமிழ் வினையை இறுதியிற் கொள்ளும் மொழி. தொடரின் முடிக்கும் வினை எதுவோ அதுவே செய்தியின் முடிபு எனப் படிப்பவர் கொள்வது இயல்பு. மேற்கண்ட தொடரின் முடிக்கும் வினை ‘தெரிவிக்கப்படுகிறது’ என்பதாகும். அனுப்புதல் என்னும் செயலோ ‘கேட்டுக்கொள்ளப்படுவதுடன்’ என்ற தொழிற்பெயர்க்குள், ‘அனுப்பி வைக்குமாறு’ என்ற எச்சமாக அடங்கிக் கிடக்கிறது. குறிப்பாணையின் நோக்கம் எச்சத்திலும், வெறும் சடங்கு முற்றிலும் அமைந்துவிட்டன. ஆங்கிலத்தில் கட்டளை வினை முன்னே வர, விவரம் பின்னே தொடரலாம். அந்நீண்ட தொடரை அப்படியே தமிழாக்கும்போது முழுச்சுமையும் வினைக்கு முன்னர்க் குவிகிறது. ஆகவே, ஆங்கிலத்தில் ஒரு தொடராக நிற்பது தமிழில் மூன்றாகப் பிரிய வேண்டியிருப்பது மொழியின் அமைப்பிலிருந்தே எழும் தேவை.

1.2 செயப்பாட்டு வினை

செயப்பாட்டு வினையை அடியோடு விலக்க வேண்டும் என்பார் கருத்து முற்றிலும் ஏற்புடையதன்று. ஆணையிடுவது அலுவலகமே, தனிமனிதர் அல்லர் என்பதைக் காட்ட அது உதவுகிறது. இடர்ப்பாடு, செயலைச் செய்ய வேண்டியவர் மறையுமிடத்தில் தோன்றுகிறது. மேலும், ‘அலுவலர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது’, ‘அலுவலர்கள் அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்னும் இரு அமைப்புகள் கலந்து, ‘அலுவலர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என எழுவாயும் பயனிலையும் இயையாத தொடர்கள் பிறக்கின்றன. ‘அலுவலர்கள் அனுப்ப வேண்டும்’ என்பதில் இவ்விடர் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை.

1.3 ‘-லாம்’ ஈறு

மொழிபெயர்ப்பாளர் சிறப்பாகக் கருத வேண்டியது இது. ஆங்கில அலுவலக நடையில் ‘மே’ என்னும் துணைவினை பல இடங்களில் பணிவுடன் கூடிய கட்டளையாக நிற்கும். அதனை ‘-லாம்’ எனப் பெயர்த்தால் தமிழில் அது இசைவுப் பொருளையே தரும். ‘அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம்’ என்ற குறிப்பைப் பெறும் பணியாளர், அனுப்பாமலும் இருக்கலாம் எனக் கொள்வது அவரது குற்றமன்று, மொழிபெயர்ப்பின் குற்றம்.

2. பக்க அமைப்பு

வடிவம் அழகுக்காக ஏற்பட்டதன்று. அதுவும் பொருளுணர்த்தும் கருவியே. 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளின் 14ஆம் விதியின்கீழ் வழங்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதன் படிவத்தில் குற்றச்சாட்டுகள், அவற்றின் விளக்கம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல் ஆகியவை நான்கு தனி இணைப்புகளாக அமைகின்றன. எதனை மறுக்க வேண்டும், எந்தச் சான்றின்மீது மறுக்க வேண்டும் என்பது பெறுபவருக்குப் புலனாகும் வகையில் பகுப்பு அமைந்துள்ளது.

ஆயின், நல்ல படிவத்தினுள்ளும் மங்கலான தொடர் நுழையக்கூடும். ‘பணியில் உரிய கவனமின்றிச் செயல்பட்டார்’ என்று மட்டும் எழுதி, நாளும் செயலும் குறிக்காவிடின், அதற்கு விடையளிக்க இயலாது. இல்லாத விவரத்தை எவரும் மறுக்க முடியாதன்றோ? ஒருவரது பதவியும் ஊதியமும் ஓய்வூதியமும் சார்ந்துள்ள இடத்தில் தெளிவின்மை நடைக்குறை என்ற அளவில் நில்லாது, நீதிக்குறையாகவும் ஆகிறது.

3. மாற்றமைப்பு

முற்காட்டிய தொடரைக் கீழ்வருமாறு எழுதலாம்:

பொருள்: விடுப்பு விவரங்களை 15ஆம் தேதிக்குள் அனுப்புதல்.

(1) விடுப்பு விவரங்களைக் கேட்டு 1ஆம் தேதியன்று கடிதம் அனுப்பப்பட்டது. கணக்குப் பிரிவும் பண்டகப் பிரிவும் இன்னும் அனுப்பவில்லை.
(2) இவ்விரு பிரிவுகளின் அலுவலர்கள் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி, 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் நிர்வாகப் பிரிவில் சேர்க்க வேண்டும்.
(3) சேர்க்காத பிரிவின் அலுவலரிடம் எழுத்துமூலம் விளக்கம் கோரப்படும்.

இங்குச் செய்தி, பணி, விளைவு என மூன்றும் தனித்தனி எண் பெறுகின்றன. பொருள் வரியிலேயே வேண்டுகோள் அடங்கியுள்ளது. ‘அனுப்பப்பட்டது’, ‘கோரப்படும்’ என்னும் செயப்பாட்டு வினைகள் நீக்கப்படவில்லை. செய்பவர் அலுவலகமே என்பது ஐயமின்றி விளங்குவதால் அவை தீங்கு செய்வதில்லை.

4. முடிவுரை

பிரித்தானிய அரசு அலுவலர்களுக்கென எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய ‘பிளெயின் வேர்ட்ஸ்’ 1948இல் வெளிவந்தது. எளிய அலுவலக நடை என்றவுடன் இத்தகைய நூல்களையே நாடுகிறோம். ஆனால் தமிழில் அளவுகோல் இல்லாமலில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என நன்னூல் சுட்டும் குற்றங்கள் நூலுக்கு உரைக்கப்பட்டவை. எனினும் குறிப்பாணைக்கும் பொருந்துகின்றன. நாள் குறிக்காமை குன்றக் கூறல். ‘தெரிவிக்கப்படுகிறது’ மிகைபடக் கூறல். ‘உரிய நடவடிக்கை’ மயங்க வைத்தல்.

ஆட்சிச் சொற்களின் அகராதி சொல்லைத் தரும்; தொடரைத் தாராது. இனித் தேவைப்படுவது தொடர்களுக்கும் வடிவங்களுக்குமான கையேடு. அதனை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அலுவலரோடு இணைந்து உருவாக்குதல் வேண்டும். குறிப்பாணையைப் பெறுபவர் ஒருமுறை படித்த அளவில், தாம் செய்ய வேண்டியது யாது, எந்நாளுக்குள் என்று கூற முடிகிறதா என்பதே அக்கையேட்டின் ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய சோதனையாகும்.