முதுமைப் பாடம்: சென்னையும் கொழும்பும்

மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கியது 1952இல். அதே ஆண்டில் கொழும்பிலும் சமூகப் பணி கற்பிக்க ஒரு நிறுவனம் உருவானது. சென்னைக் கல்லூரி தன்னார்வலர் கையில் வளர்ந்தது. கொழும்பு நிறுவனமோ அரசிடம் போய், பின்னாளில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தது. முதியோர் விஷயத்தில் இரு பக்கத்து ஆசிரியர்களின் அக்கறையும் வேறுபடுவதற்கு இதுவே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் முதுநிலை மாணவர் மனிதவளம், மருத்துவம்-மனநலம், சமுதாய மேம்பாடு, குடும்ப-குழந்தை நலம் என ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவை எடுக்கிறார். முதுமை பெரும்பாலும் விருப்பப் பாடம். இல்லாவிட்டால் வேறொரு தாளில் ஓர் அலகு. அதில் முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர் துறையில் இருக்கும்வரை பாடம் நடக்கும். அவர் ஓய்வு பெற்றால் பாடமும் ஓய்வு பெற்றுவிடும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 500 தொழிலாளர் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். பதவி வந்தது, மாணவர் வந்தனர், ஆசிரியருக்கும் ஆர்வம் வந்தது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தபோது அப்படியொரு வேலைவாய்ப்பு பிறக்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் சமூகப் பணியாளருக்கென்றே செய்ததுபோல் ஓர் இடம் இருக்கிறது. பராமரிப்புத் தீர்ப்பாயம் பெற்றோரின் மனுவை விசாரிக்குமுன் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் அப்பாவையும் மகனையும் உட்கார வைத்துப் பேசி முடிவைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் வாசகப்படி தீர்ப்பாயத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. வீட்டுச் சண்டையில் யார் எதை மறைக்கிறார் என்று கேட்டறியும் திறமைதான் இங்கே முதல். தனிநபர் சமூகப் பணி என்று முதல் ஆண்டில் நடத்துவதே இதைத்தானே? இருந்தும் களப்பணி என்றதும் மாணவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. அனுமதி எளிது, வினாத்தாளோடு போனால் பதில் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் முதியோரில் மிகப் பெரும்பாலோர் இல்லத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறார்கள். தீர்ப்பாயம் நடக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு மாணவரை அனுப்பிப் பார்க்கலாம்.

இலங்கையில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2000இலேயே, ஏழாண்டு முந்தி வந்துவிட்டது. வந்ததோடு முதியோருக்கான தேசிய செயலகத்தையும், பிள்ளைகள் கைவிட்ட பெற்றோரின் முறைப்பாட்டைக் கேட்கப் பராமரிப்புச் சபையையும் கொண்டுவந்தது. பிரதேச செயலகத்தில் முதியோருக்கென உத்தியோகத்தர், ஊரில் முதியோர் சங்கம் என அது கீழே வரை இறங்கியது. 2012 குடிசன மதிப்பீட்டில் அறுபது வயது தாண்டியோர் நூற்றுக்கு 12.4. இந்தியாவின் 2011 கணக்கில் அது 8.6தான். தேவை இலங்கையில் முந்தியது. கொழும்பு நிறுவனத்தின் வகுப்பில் இருப்போரில் பலர் ஏற்கனவே அரச சேவையில் உள்ளவர்கள். திங்கட்கிழமை கந்தோரில் எதிர்கொள்ளப் போகும் முறைப்பாட்டைத்தான் ஆசிரியரிடம் கேட்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு முதுமையில் தனி விருப்பம் இருக்கத் தேவையில்லை.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அரசு எதைத் திட்டமாக்கியதோ அதுவே பாடமாகிவிடும். சுற்றறிக்கையில் வராத முதியவர் வகுப்பிலும் வரமாட்டார். வடக்கில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். சுனாமியும் போரும் உளசமூகப் பயிற்சியைப் பெருக்கின. அதில் சிறுவரும் பெண்களும் முன்னுக்கு வந்தது இயல்பே. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, யாழ்ப்பாணத்து வீட்டில் தனியே இருக்கும் அம்மாவுக்கு மாதம் தவறாமல் காசு வருகிறது. பராமரிப்புச் சபையிடம் அவர் முறையிட எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்லை என்பதே அவர் பிரச்சினை. கேரளத்தில் பத்தனம்திட்டைப் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். அங்கே பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும். இரு நாட்டுச் சட்டமும் கைவிட்ட பிள்ளையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. கைவிடாமலே தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு பாடம் எழுத, யாழ்ப்பாணத்து ஆசிரியரும் கேரளத்து ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.