நிதானமும் நீதியும்

2002ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற உளவியலறிஞர் டேனியல் கானெமன், 2011இல் 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' என்னும் நூலை வெளியிட்டார். முயற்சியின்றித் தானே எழும் உள்ளுணர்வு, முயன்று படிப்படியாக ஆராயும் சிந்தனை என மனித சிந்தனையை இந்நூல் இருவகைப்படுத்துகிறது. மட்டையும் பந்தும் சேர்ந்து 1 டாலர் 10 சென்ட். மட்டை பந்தைவிட 1 டாலர் அதிகம். பந்தின் விலை யாது? 10 சென்ட் என மனம் முந்திக்கொள்கிறது. கணக்கிட்டால் 5 சென்ட்.

இதைக் கற்போர் பலர், உள்ளுணர்வே பிழையின் ஊற்று, நிதானமான ஆராய்ச்சியே அதற்கு மருந்து என முடிவு செய்கின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை நோக்குவோம். தாவீது உரியாவைப் போர்க்களத்தினின்று அழைப்பித்ததும், அவன் வீட்டுக்குச் செல்லாதபோது குடித்து வெறிக்கச் செய்ததும், முடிவில் அவனைக் கொல்விக்கும் நிருபத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியதும் எண்ணித் துணிந்த செயல்கள். மாறாக, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்டவுடன் மூண்ட சினமோ, அநீதியை அக்கணமே கண்டுகொண்டது. ஆராய்ச்சி பாவத்திற்குப் பணிசெய்தது. உள்ளுணர்வு நீதியின் பக்கம் நின்றது.

கானெமன் இதனை அறியாதவரல்லர். ஆராயும் சிந்தனை சோம்பலுடையது. நம் விருப்பு வெறுப்புகளைச் சோதியாமல் அவற்றுக்காகப் பரிந்து பேசுவது என்று அவரே காட்டுகிறார். தம் பிழையினும் பிறர் பிழையைக் காண்பது எளிது என்பதும் அவர் கருத்து. ஆகவே, பிறர் தீர்ப்புகளைப் பற்றி நுட்பமாக உரையாடுவதற்கான சொற்களைத் தருவதே தம் நோக்கம் என்கிறார். இது நன்றே, ஆயினும் போதாது. நாத்தானும் தாவீதின் குற்றத்தைப் பிறன் குற்றமாகவே முதலில் காட்டினான். ஆனால் அவ்வளவில் நின்றுவிடவில்லை. குற்றவாளி அரசனே என முகத்துக்கு நேரே கூறினான். அதன் பின்னரே தாவீது மனந்திரும்பினான்.

கானெமனின் வாழ்வும் இதற்குச் சான்று. நூலின் 4ஆம் அதிகாரத்தில் வலுவற்ற ஆய்வுகளை மிகையாக நம்பிவிட்டதாக, பிறர் சுட்டிக்காட்டிய பின், 2017இல் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வொப்புதல் போற்றத்தக்கது.

சேகரக் கமிட்டியில் ஒருவரைச் சபை ஒழுங்குக்கு உட்படுத்தும்போது, நெடுநேரம் ஆலோசித்தே முடிவு செய்தோம் என்கிறோம். நம் முதல் வெறுப்புக்கு நியாயம் தேடுவதிலேயே அந்நேரம் கழிந்திருக்கவும் கூடும். நம் முகத்துக்கு நேரே மறுத்துரைக்கும் ஒருவருக்கு அக்கூட்டத்தில் இடமளித்திருந்தோமா என்பதே ஆயர்களாகிய நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.