சீசாவுக்குள் மழை

சுண்டுவிரல் உயரச் சீசா. மூடியோடு வந்த குச்சியை மணிக்கட்டில் ஓர் இழுப்பு இழுத்து, பெயர் சொல்லாமல் அம்மாவிடம் கையை நீட்டினேன்.

"புதுப்பானைல தண்ணி ஊத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"முதல் மழைம்மா, நல்லா மோந்து பாருங்க."

மறுபடி முகர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாடா, நம்ம களத்து மேட்டுல பெய்யுமே..." இடையில் போனது பத்து விநாடி. மணிக்கட்டில் இருந்தது அதே சொட்டுதான்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் காய்ச்சும் மிட்டி அத்தர் அது. மிட்டி என்றால் மண்; மழை என்ற சொல்லே பெயரில் கிடையாது. சுட்ட களிமண் வில்லைகளை 'தேக்' என்கிற செப்பு அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பையும் களிமண்ணாலேயே பூசி அடைப்பார்கள். கீழே விறகும் வறட்டியும் எரியும். ஆவி, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் 'பப்கா' என்ற செப்புக் குடத்துக்கு வரும். அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண் வாசனை எண்ணெயில் ஏறியதும், அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிடுவார்கள். சந்தனம் விலையேறிய பிறகு பாரஃபின் எண்ணெயில் இறக்கியதும் விற்கிறது. எனக்கு அதில் மதிப்பில்லை. முதல் முகர்வோடு சரி, பின்னால் ஒன்றும் வராது.

1964-இல் பேர், தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மண்வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயரிட்ட கட்டுரையில் இந்த அத்தரும் வருகிறது.

நண்பர் ஒருவருக்கு மட்டும் சந்தேகம்: "நீ மழைன்னு சொன்னதால மழை. ஏமாத்துதானேய்யா இது?" ஏமாற்று எப்படியிருக்கும் என்று 1899-இலேயே அமெரிக்காவில் வயோமிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்லாசன் காட்டிவிட்டார். உரை கேட்க வந்தவர்கள் முன்னால் வெறும் தண்ணீரைப் பஞ்சில் ஊற்றி, வாசனை வந்தால் கை தூக்கச் சொன்னார். பதினைந்தாவது விநாடியில் முன்வரிசையில் பெரும்பாலோர் கை தூக்கிவிட்டார்கள்! நம் சீசாவில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லையே. 2005-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைதான் இதற்குப் பொருத்தம். ஒரே வாசனையை 'செடார் சீஸ்' என்று காட்டியபோது பிடித்தது. 'உடல் நாற்றம்' என்று காட்டியபோது பிடிக்கவில்லை. வாசனையின் இன்பத்தை எடைபோடும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியே சொல்லுக்கேற்ப வேறுவிதமாக வேலை செய்தது. வாயளவில் சொன்ன மரியாதைப் பேச்சல்ல அது.

அதனால் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் பெயரில்லாமல், பிறகு பெயரோடு. பானையையும் மழையையும் ஒரே சொட்டில் காட்டும் பொருள் வேறு எது இருக்கிறது?

பக்கத்து ஃபிளாட் பையனுக்கு வயது பத்து. அவனிடமும் நீட்டி, "மழை" என்றேன். மூக்கைச் சுருக்கினான்.

"மழைன்னா காயாத யூனிஃபார்ம் வாசனைதானே அங்கிள் வரும்?"